சார்ந்ததன் வண்ணம்: குடியை விட்டவருக்கு ஒரு மடம்

எம்பெருமானுடைய மகோற்சவத்துக்கான நாள் நெருங்கியதும் ஊரில் ஒரு மாற்றம் ஏற்படுவதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். வீடு வாசல் கழுவி, மச்சம் மாமிசம் விலக்கி, சட்டி பானை மாற்றி விரதம் தொடங்குகின்றோம். அத்துடன் இன்னொன்றும் நடக்கின்றது. அதைப் பற்றி எவரும் மலரில் எழுதுவதில்லை. மாலையானால் தவறணைப் பக்கம் கால் இழுக்கும் சிலர் அந்த நாட்களில் அங்கே போவதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீதிக்கு மணல் பரப்புகின்றார்கள், வாழை கட்டுகின்றார்கள், அன்னதானக் கிடாரம் இறக்குகின்றார்கள், தோள் கொடுத்துச் சுவாமி காவுகின்றார்கள். கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஒரு துளியும் தொடாமல் இருந்துவிடுகின்றார்கள். கொடி இறங்கி, பூங்காவனமும் வைரவர் மடையும் முடிந்து இரண்டு நாள் செல்வதற்குள் அவர்களில் பலர் மீண்டும் பழைய இடத்திலே நிற்கின்றார்கள்.

இதைக் கண்டு சிலர் சிரிப்பதுண்டு. "திருவிழாச் சாமியார்" என்று பெயர் வைப்பதும் உண்டு. பக்தி உண்மையாக இருந்திருந்தால் பத்து நாள் இருந்த திடம் பதினோராம் நாள் எங்கே போகும் என்று கேட்பார்கள். நானும் நெடுங்காலம் அப்படிக் கேட்டவன்தான். இப்பொழுது அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டும் என்று தோன்றுகின்றது. அந்தத் திடம் பொய்யல்ல. பத்து நாளும் அது இருந்தது; நாம் கண்ணாரக் கண்டோம். ஆனால் அது அந்த மனிதருடைய நெஞ்சுக்குள் மாத்திரம் இருக்கவில்லை. திருவீதியிலும், கூட வேலை செய்தவர்களிடத்திலும், இரவில் எல்லோரும் வரிசையாகப் படுத்த மடத்துத் திண்ணையிலும் அது பரந்து கிடந்தது. தீர்த்தத்துக்கு மறுநாள் பந்தலைப் பிரித்தபோது நாம் அதனையும் சேர்த்துப் பிரித்துவிட்டோம்.

இது என்னுடைய புதுக் கருத்தன்று. ஆன்மாவுக்குச் சைவசித்தாந்தம் சொல்லும் இலக்கணங்களுள் முக்கியமானது சார்ந்ததன் வண்ணமாதல். ஆன்மா தனித்து நிற்க மாட்டாது. எதைச் சார்கின்றதோ அதன் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டு நிற்கும். இதற்குப் பெரியோர் காட்டும் உவமை படிகக் கல். செம்பருத்திப் பூவின் பக்கத்திலே வைத்தால் படிகம் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பைப் போக்க வேண்டுமென்று கல்லை எவ்வளவு நேரம் துடைத்தாலும் போகாது. பூவை எடுத்தால் போய்விடும். வேறு பூவை வைத்தால் அந்த நிறம் வரும். குடிகாரரைத் திட்டித் திருத்த முயல்வது கல்லைத் துடைக்கின்ற வேலைதான். நாம் எத்தனையோ ஆண்டுகளாகத் துடைத்துக்கொண்டிருக்கின்றோம்.

இன்னோர் உவமையும் உண்டு. பெருங்காயம் வைத்திருந்த பாத்திரத்தில் இருந்து காயத்தை எடுத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பின்னரும் மணம் போகாது. மலம் நீங்கிய பின்னரும் வாசனை தாக்கும் என்பதை விளக்கவே இதனைச் சொன்னார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்கள் உடையது. ஞானம் கைவந்தவர் இனி என்ன செய்ய வேண்டும் என்பதே இறுதிச் சூத்திரத்தின் பொருள். தனியே காட்டுக்குப் போ என்று அது சொல்லவில்லை. மலத்தைக் கழுவி, அன்பரோடு கலந்திரு, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் இறைவனாகவே கண்டு தொழு என்கின்றது. முடிவு வரை போனவருக்கே கூட்டம் தேவைப்படுகின்றது என்றால், மூன்று வாரத்துக்கு முன்னர் சாராயத்தை விட்ட ஒரு கூலித் தொழிலாளியைத் தனியே விட்டுவிட்டு "மனத்திடம் வேண்டும்" என்று புத்தி சொல்வது என்ன நியாயம்?

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையைத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரமாக வைத்தார். பிள்ளைகளுக்கு மனனப் போட்டி வைத்து அதனைச் சொல்விக்கின்றோம். நாற்பத்தைந்தாம் அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல், நாற்பத்தாறு சிற்றினஞ்சேராமை. மனத்திலே இருப்பதுபோல் தோன்றும் அறிவுகூட உண்மையில் ஒருவர் சேர்ந்திருக்கும் இனத்திலிருந்து வருவதென்று அங்கே அவர் சொல்லுகின்றார். தொண்ணூற்று மூன்று குடிப்பவருக்கு உரியது. நாற்பத்தைந்தும் நாற்பத்தாறும் அவரைச் சுற்றியுள்ள நமக்கும் உரியவை. நமக்கு உரியதை விட்டு அவருக்கு உரியதையே உரத்துப் படிக்கின்றோம்.

இங்கே ஒரு விடயத்தை இடையிலே சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்த ஒருவர் விரதத்துக்காகத் திடீரென்று முற்றாக நிறுத்துவது உடலுக்கு ஆபத்தானது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, நித்திரையின்மை ஏற்படலாம். சிலருக்கு வலிப்பு வரும். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், புத்தி தடுமாறும். உயிருக்கே மோசம் வரக்கூடும். இதைச் சாமி குற்றம் என்றோ பேய் என்றோ எண்ணி நூல் கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கொடியேற்றத்துக்கு முன்னரே வைத்தியரிடம் போய் மருந்தோடு நிறுத்த வேண்டும். வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வதும் திருத்தொண்டுதான்.

வைத்தியம் உடலைச் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தெளிவாக்கிவிடும். அதன் பின்னர்தான் கடினமான கேள்வி எழுகின்றது. தெளிந்தவர் எங்கே போவார்? அதே வீடு, அதே திண்ணை, அதே ஒழுங்கை. ஒழுங்கை முடிவில் அதே தவறணை. "என்ன அண்ணை, கண்டு கனகாலம்" என்று தோளில் கை போடும் அதே சிநேகிதர். போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும் என்பது நாட்டின் சட்டம். முதல்நாளே வாங்கி ஒளித்து வைப்பது நாட்டின் வழக்கம். பெருங்காயப் பாத்திரத்தைக் கழுவி மறுபடியும் பெருங்காயத்துக்குள்ளேயே வைக்கின்றோம்.

எனது பெரியம்மாவின் மகன், என்னை வளர்த்த அண்ணர், இப்படித்தான் ஒருமுறை வைத்தியசாலையிலிருந்து வந்தார். வரும்போது முகம் தெளிந்து, பத்து வயது குறைந்தவர்போல இருந்தார். அந்த மாதத்திலேயே எங்கள் திருவிழா. பத்து நாளும் மடத்திலே படுத்து, விடியற்புறம் எல்லோருக்கும் முன் எழுந்து பூக்கட்ட வருவார். தீர்த்தத்துக்கு மறுநாள் பாய்களையும் கிடாரங்களையும் எண்ணி உள்ளே வைத்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நான் இன்னும் கொஞ்ச நாள் இதிலை படுக்கட்டோ?" என்று கேட்டார். நான் அப்போது பரிபாலன சபையில் இருந்தேன். மடம் திருவிழாக் காலத்துக்கு உரியது, ஒருவருக்கு விட்டால் நாளை பத்துப் பேர் கேட்பார்கள் என்று நினைத்தேன். "வீடு இருக்க ஏன் அண்ணை மடத்திலை படுக்கிறியள்? ஊர் என்ன சொல்லும்?" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கடைசிப் பாயைச் சுருட்டித் தந்துவிட்டுப் போனார். நான் மடத்தைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டிலே ஒரு கலியாணம். வந்த விருந்தினருக்கென்று பின்வளவில் போத்தல் வாங்கி வைத்தவர்களும் நாங்கள்தான். அதற்குப் பின் நடந்ததை விரிக்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் இருந்தார்.

செத்த வீட்டிலே எல்லோரும் "அவருக்கு மனத்திடம் காணாது" என்றார்கள். விதி என்றும் சொன்னார்கள். பிராரத்த வினை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மடத்துத் திறப்பு என் கையில் இருந்தது; அது அவருடைய வினையன்று.

அண்ணர் கேட்டதைத்தான் வேறொரு தேசத்திலே வேறு சிலரும் கேட்டிருக்கின்றார்கள் என்பதைப் பின்னர் படித்து அறிந்தேன். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற இடத்திலே குடியை விட்டவர்கள் தங்குவதற்கு உள்ளூராட்சியால் நடத்தப்பட்ட இல்லம் ஒன்று இருந்தது. ஆறு மாதம் மாத்திரமே தங்கலாம் என்பது விதி. தவணை முடிந்து வெளியேறியவர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே மீண்டும் குடித்ததை உள்ளே இருந்தவர்கள் கண்டார்கள். 1975 இல் பணமில்லை என்று அந்த இல்லத்தையே மூடப் போனார்கள். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் போல் மொலோய். அமெரிக்கச் செனற் சபைக் குழுவொன்றிலே சட்டத்தரணியாகப் பணியாற்றிக் குடியினால் சீரழிந்தவர். அவரும் மற்றவர்களும் சேர்ந்து, வீட்டை நாங்களே வாடகைக்கு எடுத்து நாங்களே நடத்துகின்றோம் என்று பொறுப்பேற்றார்கள். அதற்கு ஒக்ஸ்போர்ட் ஹவுஸ் என்று பெயரிட்டார்கள். இன்று அந்த நாட்டில் அப்பெயருடைய வீடுகள் மூவாயிரத்துக்கும் மேல் உள்ளன.

அந்த வீடுகள் நடக்கும் முறை நம்முடைய கிராமத்துச் சபைகளுக்கு ஒன்றும் புதிதாகத் தோன்றாது. சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர் இல்லை, வைத்தியர் இல்லை, காவற்காரர் இல்லை. எட்டுப் பத்துப் பேர் ஒரு சாதாரண வீட்டிலே குடியிருக்கின்றார்கள். ஆண்களுக்குத் தனி வீடு, பெண்களுக்குத் தனி வீடு. வாடகையையும் செலவையும் சமமாகப் பகிர்ந்து, ஒவ்வொருவரும் உழைத்துக் கட்டுகின்றார்கள். வாரம் ஒரு கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தமக்குள்ளேயே தெரிவு செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகின்றார்கள். புதிதாக ஒருவர் வருவதானால் இருப்பவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் சம்மதிக்க வேண்டும். எவ்வளவு காலம் இருக்கலாம் என்பதற்கு எல்லையில்லை. ஒரே ஒரு விதியில் மாத்திரம் தளர்வில்லை: குடித்தால் அன்றே வெளியேற வேண்டும்.

இது வேலை செய்கின்றதா என்று சிக்காகோ நகரத்து டீபோல் பல்கலைக்கழகத்தில் லெனார்ட் ஜேசன் என்ற உளவியற் பேராசிரியர் ஆராய்ந்தார். சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை இவ்வீடுகளுக்கும் மறுபாதியினரை வழமையான பின்பராமரிப்புக்கும் அனுப்பினார்கள். 2006 இல் வெளிவந்த முடிவின்படி, இரண்டு ஆண்டுகளின் பின்னர் வழமையான முறையில் போனவர்களில் ஏறத்தாழ 65 வீதமானோர் மீண்டும் மதுவையோ போதைப்பொருளையோ பாவித்திருந்தார்கள். வீடுகளில் இருந்தவர்களில் அது 31 வீதம். குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்கள் ஆதலால், நல்ல மனத்திடம் உள்ளவர்களெல்லாம் ஒரு பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வேறுபட்டது அவர்கள் சார்ந்த இடமே. மெய்கண்டார் சொன்னதற்குச் சான்று தேடிச் சிக்காகோவுக்குப் போக வேண்டியதில்லைதான். ஆனாலும் இலக்கம் கேட்கும் இளைஞருக்கு இதைக் காட்டலாம்.

இனி, என் மனத்தை நெடுநாள் வருத்திய ஒரு விடயம். குடித்தவரை அன்றே வெளியேற்றுவது கருணையா? விழுந்தவரைத் தூக்கத்தானே வீடு? முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. யோசிக்க யோசிக்க அதன் நியாயம் விளங்கியது. ஒருவர் போத்தலோடு உள்ளே வந்தால் மற்ற ஏழு பேருக்கும் அந்த வீடு தவறணையாகிவிடும். படிகத்தின் பக்கத்திலே பூ வந்துவிட்டது. அந்த ஏழு பேரிடத்தும் காட்ட வேண்டிய கருணையும் கருணைதானே. வெளியேறியவர் பின்னர் தெளிந்து வந்து கேட்டால், வீட்டார் சம்மதித்தால், மறுபடியும் சேரலாம். ஆயினும் அந்த ஓர் இரவு அவர் எங்கே படுப்பார் என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக ஒருவராவது கூடப் போக வேண்டும் என்பது என் எண்ணம். கதவைச் சாத்துவது வேறு, தெருவில் விடுவது வேறு.

இந்த இடத்திலே திலகவதியார் நினைவுக்கு வருகின்றார். தம்பி மருள்நீக்கியார் வேறு நெறியில் நின்று, சூலை நோயால் வருந்தி ஆள் அனுப்பினார். தமக்கையார் ஓடிப் போகவில்லை. அங்கே நான் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினார். ஆனால் தம்பியார் இரவோடிரவாகத் திருவதிகையிலே அவருடைய மடத்துக்கு வந்து அடியில் விழுந்தபோது, ஏன் போனாய் என்று ஒரு வார்த்தையும் கேளாமல் எடுத்து, திருநீறு கொடுத்து, திருவலகும் மெழுக்கும் தாங்கித் தாம் தொண்டு செய்யும் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அவரே நமது திருநாவுக்கரசு நாயனார். சமணத்தைக் குடியோடு ஒப்பிடுவதாக எவரும் நினைக்கக்கூடாது. நான் பார்ப்பது தமக்கையாரின் செய்கையை மாத்திரம். அவர் போகாமல் இருந்ததும் அன்பு, வந்தபோது மடம் திறந்திருந்ததும் அன்பு. இரண்டாவது இல்லாமல் முதலாவதை மாத்திரம் செய்தால் அது வெறும் விலக்கிவைத்தல்.

"வீடு எதற்கு, குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். குடும்பம் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் மனைவியைத்தான் சொல்லுகின்றோம். பல வருடம் அடி வாங்கி, தாலிக்கொடி அடைவு வைத்து, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் படுக்க விட்ட அந்தப் பெண்ணிடமே, இனி இவரைக் காவலிருந்து திருத்து என்று ஒப்படைக்கின்றோம். அவள் திருத்தினால் அவர் திருந்தினார் என்போம். திருந்தாவிட்டால் அவள் சரியில்லை என்போம். இதைவிடப் பெரிய அநியாயத்தை நான் அறியேன். தெளிந்த மனிதர் ஓராண்டு வேறு வீட்டிலே இருந்து, உழைத்த காசை வீட்டுக்கு அனுப்பி, ஞாயிற்றுக்கிழமை வந்து பிள்ளைகளைப் பார்த்துப் போனால், அந்த வீட்டாரும் ஓராண்டு நிம்மதியாக நித்திரை கொள்வார்கள். நம்பிக்கை சத்தியம் செய்வதனால் திரும்பி வருவதில்லை. சம்பளத் தாள் பல மாதம் முழுதாக வீடு வந்து சேரும்போது கொஞ்சம் கொஞ்சமாக வரும்.

அயலவரின் அச்சத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பெண் பிள்ளைகள் உள்ள ஒழுங்கையில் இப்படி ஒரு வீடா என்று கேட்பார்கள். அமெரிக்காவிலும் கேட்டார்கள். வொஷிங்டன் மாநிலத்தில் எட்மண்ட்ஸ் என்ற நகரம், தனிக் குடும்பங்களுக்கு உரிய பகுதியில் உறவில்லாத ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் இருக்கக்கூடாது என்ற விதியைக் காட்டி அந்த வீட்டின் மீது நடவடிக்கை எடுத்தது. உறவினர் என்றால் எத்தனை பேரும் இருக்கலாம். வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. வலது குறைந்தோரை வீட்டு விடயத்தில் வேறுபடுத்தக்கூடாது என்ற சட்டத்திலிருந்து அந்த விதிக்கு விலக்களிக்க முடியாது என்று 1995 இல் ஒன்பது நீதியரசர்களில் ஆறு பேர் தீர்ப்பளித்தார்கள். சட்டம் எப்படியோ போகட்டும். அதற்குள்ளே இருக்கும் கேள்விதான் என்னைப் பிடித்தது. எது குடும்பம்? ஒரே இரத்தம் ஓடுவதா, ஒரே உலையில் பொங்கி உண்பதா? அடியார் கூட்டத்தை உறவென்று சொல்லும் மரபிலே வந்த நாம், அதற்கு விடை தெரியாதவர்கள்போல நடிக்க முடியாது. அந்த ஒழுங்கையில் இப்பொழுதும் குடிகாரர் இருக்கத்தான் செய்கின்றார்கள் என்பதையும் அயலவர் எண்ணிப் பார்க்கலாம். குடிக்கின்றவருக்குப் பயப்படாத நாம், குடியை விட்டவருக்குப் பயப்படுகின்றோம்.

உண்மையாகப் பயப்பட வேண்டியது வேறொன்று உண்டு. இப்படிப்பட்ட இல்லத்துக்குள் பெரும் பணம் புகுந்தால் அது கெட்டுவிடும். அரிசோனா மாநிலத்திலே அரச மருத்துவக் காப்புறுதிப் பணத்தை உறிஞ்சுவதற்காகவே சிலர் இத்தகைய இல்லங்களை நடத்தி, பழங்குடி மக்களை ஆசை காட்டிக் கூட்டிவந்து அடைத்து வைத்தது 2023 இல் அம்பலமாயிற்று. ஆகையால் வெளிநாட்டுக் காசில் மாடி கட்டிப் பெயர்ப்பலகை தூக்குவதை நான் விரும்பவில்லை. உள்ளே இருப்பவர்களே உழைத்து வாடகை கட்டும் சிறு வீடுதான் நேர்மையாக இருக்கும்.

"விதிக்குப் பயந்து குடியாதிருப்பது என்ன ஒழுக்கம்? கட்டிப்போட்டால் மாடும் மேயாது" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. மகோற்சவத்தை நடத்தும் குருக்களும் முதல் நாள் கையிலே காப்புக் கட்டிக்கொள்ளுகின்றார். அதன்பின் உற்சவம் முடியும்வரை அவருக்குப் பல கட்டுப்பாடுகள் உண்டு. அவருடைய பக்தி காப்பினால் குறைந்துவிட்டது என்று யாரேனும் சொல்வோமா? தாமே கையை நீட்டிக் கட்டுவித்துக்கொண்ட கட்டு அது. மாட்டுக்கு அப்படிக் கை நீட்டத் தெரியாது. அண்ணர் மடத்திலே படுக்கக் கேட்டபோது கை நீட்டித்தான் கேட்டார். கட்டாயமாகப் பிடித்து அடைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். தானாகக் கேட்டு வந்தவர் தானாகப் போகவும் முடிய வேண்டும்.

நமது ஊரிலே உரிமையாளர் வெளிநாட்டிலிருக்கப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எத்தனை என்று நான் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். ஐந்து ஆறு பேர் இருக்க ஒரு வீடு போதும். தவறணைக்குத் தூரமாகவும் கோயிலுக்கும் பஸ் வீதிக்கும் கிட்டவும் இருந்தால் நல்லது. வாரம் ஒரு கூட்டம், சமையலுக்கு முறை, உழைப்பிலிருந்து பங்கு, மாதம் ஒருமுறை வைத்தியசாலைக் கிளினிக். 1935 இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்திலே பில் வில்சன் என்பவரும் பொப் ஸ்மித் என்ற வைத்தியரும், குடித்தவருக்குக் குடியை விட்டவரே நல்ல துணை என்று கண்டுகொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் பெயர் சொல்லாமல் கூடும் குடிநோயாளர் சங்கம். நமது ஊரிலும் பத்துப் பதினைந்து வருடமாகத் தொடாதவர்கள் சிலர் இருக்கின்றார்கள். அவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். அவர்களில் ஒருவராவது முதலாண்டு அந்த வீட்டிலே கூடப் படுக்க வேண்டும். நம்மைப் போன்றவர்கள் சபையில் இருந்து விதி வகுப்பதைவிட அவர் ஓர் இரவு விழித்திருப்பது பெரிய காரியம். எந்தப் பகுதி ஆள், யாருடைய கையால் சமைத்தது என்ற பேச்சு அந்த வாசற்படிக்குள் போகக்கூடாது என்பதையும் முதற் கூட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது. ஆனால் சொல்லாமல் விட்டால் அதுவே வீட்டைக் கலைக்கும்.

பரிபாலன சபையின் அடுத்த பொதுக் கூட்டத்திலே இதனைக் கேட்பதாக எண்ணியிருக்கின்றேன். சம்மதிப்பார்களோ தெரியாது. இவ்வாண்டும் தீர்த்தத்துக்கு மறுநாள் மடத்திலே பாய்களும் கிடாரங்களும் எண்ணப்படும். எண்ணி முடிந்து கதவைச் சாத்தும்வரை வீட்டுக்குப் போகாமல் அங்கே சுற்றிக்கொண்டு நிற்பவர்கள் யார் யார் என்று இம்முறை பார்க்கப் போகின்றேன்.